தாழ்த்திய காரும் வளைத்த ஸ்ட்ரட்டும்

ஸ்பிரிங் மாற்றிக் காரைத் தாழ்த்தியவர் அடுத்து வந்து நிற்பது நம் கடை வாசலில்தான். ஸ்பிரிங் போட்ட பட்டறையில் "அலைன்மென்ட் மட்டும் ஒரு தடவை பார்த்துடுங்க" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். வண்டியை மெஷினில் ஏற்றி டார்கெட் மாட்டினால் முன் கேம்பர் இரண்டும் சிவப்பு. வாடிக்கையாளரும் பக்கத்தில் நின்று அந்தச் சிவப்பைப் பார்த்துவிடுகிறார். அதற்குப் பிறகு பல கடைகளில் நடப்பது ஒன்றுதான். ஹைட்ராலிக் கேம்பர் டூலை எடுத்து ஸ்ட்ரட்டில் மாட்டி, திரையில் பச்சை வரும்வரை பம்ப் அடிப்பது. ஐந்து நிமிட வேலை. பார்ட்ஸ் செலவு கிடையாது. பச்சை விழுந்த காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு அவரும் கிளம்பிவிடுகிறார்.

லாரியின் ஐ-பீம் முன் ஆக்ஸிலைச் சூடேற்றாமல் பிரஸ்ஸில் வளைத்து நேராக்குவது நம் தொழிலில் நெடுநாளாக இருக்கும் வேலை. அது கனமான ஒரே துண்டு இரும்பு. காரின் ஸ்ட்ரட்டிடம் அந்தத் துணிச்சலைக் காட்டக் கூடாது. கேம்பர் டூல் இழுக்கும்போது எது வளைகிறது என்று அடிப்பவருக்கே தெரியாது. ஸ்ட்ரட்டின் குழாய் வளையலாம், அதில் வெல்டு செய்த பிராக்கெட் விரியலாம், நக்கிளின் காது நகரலாம், லோயர் ஆர்ம் நெளியலாம். எது பலவீனமோ அது முதலில் போகும். குழாய் வளைந்தால் உள்ளே ஓடும் ராட் ஒரு பக்கமாக உரசத் தொடங்கும். சில மாதங்களில் சீல் கசிந்து, "ஷாக் அப்சார்பர் கம்பெனி சரியில்லை" என்ற பழியோடு அதே வண்டி திரும்பி வரும். நக்கிள் அலுமினியமாக இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அது வளைந்ததைக் காட்டாது, விரிசலைக் காட்டும். அதுவும் நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குழியில் இறங்கும்போது காட்டினால் என்ன செய்வது?

ஆனால் வளைப்பது ஆபத்து என்பதோடு விஷயம் முடியவில்லை. அந்தச் சிவப்பைப் பச்சையாக்க வேண்டிய அவசியம் இருந்ததா என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

திரையில் வரும் ஸ்பெக் எந்த உயரத்துக்கு உரியது என்று யோசித்துப் பாருங்கள். கம்பெனி கொடுக்கும் கேம்பர் எண், வண்டி கம்பெனி உயரத்தில் நிற்கும்போது பொருந்தும் எண். இதை மிகக் கறாராக எடுத்துக்கொள்ளும் கம்பெனிகள் உண்டு. பி.எம்.டபிள்யூ. பல மாடல்களுக்கு அளப்பதற்கு முன்பு முன்னிருக்கைகளில் தலா 68 கிலோ, பின் இருக்கையில் 68 கிலோ, டிக்கியில் 21 கிலோ எடை வைத்து, டேங்க்கை நிரப்பச் சொல்கிறது. மெர்சிடிஸ் இன்னும் ஒரு படி மேலே போய், கண்ட்ரோல் ஆர்ம் எத்தனை டிகிரி சாய்ந்து நிற்கிறது என்பதைச் சாய்வுமானியால் அளந்து, அந்தச் சாய்வுக்கு என்ன கேம்பர் என்று அட்டவணையில் பார்க்கச் சொல்கிறது. அதாவது உயரம் மாறினால் ஸ்பெக்கும் மாறும் என்பதை அவர்களே ஒப்புக்கொண்டு வேலை செய்கிறார்கள். நாம் 40 மி.மீ. இறங்கி நிற்கும் வண்டிக்குப் பழைய உயரத்தின் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு, சிவப்பு வருகிறதே என்று பதறுகிறோம்.

இறங்கும்போது சக்கரத்துக்கு என்ன ஆகிறது என்பது சஸ்பென்ஷன் வகையைப் பொறுத்தது. நம் ஊரில் ஓடும் கார்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்தான். கம்பெனி உயரத்தில் லோயர் ஆர்ம் உள்ளிருந்து வெளியே சற்றுத் தாழ்ந்து நிற்கும். வண்டி இறங்க இறங்க ஆர்ம் கிடைமட்டமாகும். அதுவரை பால் ஜாயின்ட் வெளியே தள்ளப்படும், கேம்பர் நெகடிவ் பக்கம் போகும். 30, 40 மி.மீ. இறக்கினால் பெரும்பாலும் அரை டிகிரியிலிருந்து ஒரு டிகிரிக்குள் மாறியிருக்கும். அதற்கும் கீழே போனால் கதை திரும்பும். ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிச் சாய்ந்துவிட்டால் பால் ஜாயின்ட் உள்ளே வரத் தொடங்கும். ஸ்ட்ரட்டுக்கும் ஆர்முக்கும் இடையிலான கோணம் செங்கோணத்தைக் கடந்த பிறகு, சக்கரம் மேலேறும்போது நெகடிவ் கூடாது, குறையும்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். வளைவில் வண்டி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல்பகுதியும் உடலோடு சேர்ந்து வெளியே சாயப் பார்க்கும். கம்பெனி உயரத்தில், சக்கரம் மேலேறும்போது கூடும் நெகடிவ் கேம்பர் அந்தச் சாய்வில் ஒரு பங்கை ஈடுகட்டும். தாழ்த்திய வண்டியில் அந்த ஈடு குறைந்துபோகிறது. போதாக்குறைக்கு, ஆர்ம் சாய்வு மாறியதால் ரோல் சென்டர், வண்டியின் எடை மையத்தைவிட அதிகமாகக் கீழே இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் கூடினால் வண்டியைச் சாய்க்கும் நெம்பும் கூடும். ஸ்பிரிங்கும் கடினமானதால்தான் அது ஓட்டுபவருக்குத் தெரிவதில்லை. இப்படி நகர்வில் இழந்த கேம்பரை, நிற்கும்போதே இருக்கும் அந்தக் கூடுதல் நெகடிவ்தான் ஓரளவு திருப்பிக் கொடுக்கிறது. அதையும் நாம் வளைத்துச் சுழிக்குக் கொண்டுவந்துவிட்டால், ஒவ்வொரு வளைவிலும் வெளிப்பக்க டயரின் வெளி ஓரத்தில்தான் வண்டி நிற்கும். உள் ஓரம் தேயும் என்ற பயத்தில் வெளி ஓரத்தைத் தேய்க்கும் வேலை அது. பிடிப்பும் குறையும்.

என் கணக்கில், ஸ்ட்ரட் வண்டியில் மைனஸ் ஒன்றரை டிகிரி வரை, இடமும் வலமும் அரை டிகிரிக்குள் ஒத்திருந்தால், கேம்பரைத் தொட வேண்டியதில்லை. இரண்டைத் தாண்டினால் தொட்டாக வேண்டும். நடுவில் உள்ளது அந்த வண்டி எங்கே, எப்படி ஓடுகிறது என்பதைக் கேட்டு முடிவு செய்ய வேண்டியது. ஏற்காடு, ஊட்டி என்று மலையேறுபவருக்கும், தினமும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் நேராகப் போய் வருபவருக்கும் ஒரே எண் பொருந்தாது.

"அப்படியானால் தாழ்த்திய வண்டிகளின் உள் ஓரம் ஏன் தேய்கிறது?" என்று கேட்பீர்கள். பெரும்பாலும் டோ. ஸ்ட்ரட்டின் லோயர் ஆர்மும் ஸ்டியரிங்கின் டை ராடும் வெவ்வேறு நீளம், வெவ்வேறு கீல் இடம். வண்டி இறங்கும்போது இரண்டும் வெவ்வேறு வில்லில் நகரும், டோ மாறும். பல கார்களில் அது டோ-அவுட் பக்கம் போகும். கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு சக்கரம் 0.2 டிகிரி டோ-அவுட்டில் நின்றால், வண்டி ஒரு கிலோமீட்டர் நேராகப் போவதற்குள் அந்த டயர் மூன்றரை மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. பத்தாயிரம் கிலோமீட்டரில் 35 கிலோமீட்டர். தார்ச்சாலையில் ரப்பரை அத்தனை தூரம் தேய்த்து இழுத்தால் என்ன மிஞ்சும்? கேம்பர் இந்த அளவுக்குச் செய்வதில்லை. அது எடையை உள் ஓரத்துக்குத் தள்ளுகிறது, அவ்வளவுதான். அங்கே எடையும் இருந்து, டோவும் இழுத்தால்தான் ஆறே மாதத்தில் உள்கம்பி தெரிகிறது.

டயரைக் கழற்றித் தரையில் போட்டுக் கையால் தடவினாலே இரண்டையும் பிரித்துவிடலாம். உள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒருமுறை, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஒருமுறை உள்ளங்கையை ஓட்டுங்கள். இரு திசையிலும் வழவழப்பாக, ஓரம் மட்டும் சரிந்திருந்தால் கேம்பர். ஒரு திசையில் வழுக்கி, எதிர்த் திசையில் ரம்பப் பல் போலக் கையைப் பிடித்தால் டோ. மெஷின் போடும் முன் இந்த அரை நிமிடத்தை யாரும் செலவழிப்பதில்லை. வாடிக்கையாளரின் கையையும் பிடித்துத் தடவ வைத்தால், அதன் பிறகு அவர் திரையின் நிறத்தைப் பற்றிக் கேட்க மாட்டார்.

மெஷின் இல்லாத இடத்திலும் இதை அளக்கலாம். 15 அங்குல ரிம்மின் விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை சுமார் 41 செ.மீ. கொத்தனாரின் தூக்குக்குண்டை ரிம்முக்கு முன்னால் தொங்கவிட்டு, மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தூரத்தைப் பார்த்தால், வித்தியாசம் 7 மி.மீ. என்றால் ஒரு டிகிரி. டோவுக்கு இதே ரிம்மில் 0.2 டிகிரி என்பது ஒன்றரை மி.மீ.கூட இல்லை. ஏழு மி.மீ. கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அதைப் பிடித்துக்கொள்கிறோம். டயரைத் தின்னும் ஒன்றரை மி.மீ. தெரிவதில்லை.

சரி, கேம்பரைத் திருத்தியே ஆக வேண்டிய வண்டி என்று வைத்துக்கொள்வோம். எங்கே கை வைப்பது?

ஸ்விஃப்ட் போல ஸ்ட்ரட்டும் நக்கிளும் இரண்டு போல்ட்டில் சேரும் வண்டிகளில் கேம்பர் போல்ட் எளிய வழி. 14 மி.மீ. போல்ட் இருந்த ஓட்டையில் 12 மி.மீ. தண்டும் நடுவே ஒரு கேம் மேடும் கொண்ட போல்ட் போகும். அதைத் திருப்பினால் நக்கிள் உள்ளேயோ வெளியேயோ நகரும். ஒன்றரை டிகிரி வரை கிடைக்கும். ஆனால் இதில் ஒரு சூட்சுமம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. டயர் தரையைத் தொடும் இடம் ஸ்ட்ரட்டுக்கு வெளியே இருப்பதால், வண்டியின் எடை எப்போதும் சக்கரத்தின் தலையை உள்ளே, அதாவது நெகடிவ் பக்கம், தள்ளிக்கொண்டே இருக்கும். பந்தயக்காரர் நெகடிவ் கூட்டுவதற்காக இந்தப் போல்ட்டைப் போட்டால் எடை அவருக்குத் துணை. நாம் நெகடிவைக் குறைக்கப் போடுகிறோம். நமக்கு எடை எதிரி. மெலிந்த போல்ட்டின் இறுக்கம் மட்டுமே அதைத் தடுத்து நிறுத்த வேண்டும். ஆகவே சேரும் முகங்களில் எண்ணெய், துரு, பெயின்ட் எதுவும் இருக்கக் கூடாது. நட்டு புதியதாக இருக்க வேண்டும். சக்கரத்தின் தலையை வெளியே இழுத்துப் பிடித்தபடி, போல்ட் கம்பெனி சொன்ன டார்க்குக்கு டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்க வேண்டும். இம்பாக்ட் கன்னில் "டர்ர்" என்று ஒரு அடி கொடுத்துவிட்டு விடுவது இங்கே ஆகாது. பெரிய குழியில் இறங்கி ஏறினால் அரை டிகிரி நழுவியிருக்கும், டோவும் கூடவே கெட்டிருக்கும்.

போலோவுக்கு இந்தப் போல்ட் கதையே கிடையாது. அதில் ஸ்ட்ரட்டின் குழாய் நக்கிளுக்குள் சொருகி ஒரே கிளாம்ப் போல்ட்டில் பிடித்திருக்கும். திருப்ப எதுவுமில்லை. இது தெரியாமல் ஸ்பேர்ஸ் கடையில் கேம்பர் போல்ட் கேட்டு வாங்கி வருபவர்கள் உண்டு. இத்தகைய வண்டிகளில் சப்ஃபிரேமைத் தளர்த்தி நகர்த்தினால் இடம், வலம் சமன் செய்யலாம். ஒரு பக்கம் கூடுவது மறுபக்கம் குறையும், மொத்தம் மாறாது. மொத்தத்தை மாற்ற ஸ்ட்ரட்டின் தலையில் கேம்பர் பிளேட் போட வேண்டும்.

பிளேட்டுக்கும் போல்ட்டுக்கும் உள்ள வேறுபாடு, அலைன்மென்ட் அறிக்கையில் நாம் பார்க்காமல் விடும் ஒரு வரியில் இருக்கிறது. பிளேட் ஸ்ட்ரட்டின் தலையை நகர்த்துகிறது. அதனால் கேம்பரும் எஸ்.ஏ.ஐ.யும் (ஸ்டியரிங் அச்சின் சாய்வு) சேர்ந்து மாறும், இரண்டின் கூட்டான இன்க்லூடட் ஆங்கிள் அப்படியே நிற்கும். போல்ட் நக்கிளை மட்டும் நகர்த்துகிறது. எஸ்.ஏ.ஐ. நிற்கும், இன்க்லூடட் ஆங்கிள் மாறும். போல்ட்டும் போடாமல், இரு பக்கமும் இன்க்லூடட் ஆங்கிள் ஒரு டிகிரிக்கு மேல் வேறுபட்டால், அந்த வண்டியை ஏற்கெனவே யாரோ வளைத்திருக்கிறார்கள், அல்லது அது எங்கோ இடித்திருக்கிறது. தாழ்த்தியதால் வந்த கோளாறு அல்ல அது. திருத்தும் முன் வாடிக்கையாளரிடம் அதைச் சொல்லிவிடுவது நமக்கும் நல்லது.

பின் சக்கரத்துக்கு வருவோம். ஸ்விஃப்ட், போலோ, சிட்டி எல்லாவற்றுக்கும் பின்னால் டார்ஷன் பீம். இரு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கும்போது பீமில் கேம்பர் பெரிதாக மாறாது. போலோவின் பின் சக்கரம் கம்பெனியிலிருந்தே ஒரு டிகிரிக்கு மேல் நெகடிவாகத்தான் வருகிறது. அதைப் பார்த்துவிட்டு "இறக்கினதால் பின்னாடி சாய்ஞ்சுபோச்சு" என்று சொல்வது தவறு. உண்மையிலேயே திருத்த வேண்டுமானால் ஸ்டப் ஆக்ஸிலுக்கும் பீமுக்கும் நடுவே ஆப்பு ஷிம் வைக்கலாம். பெரும்பாலும் தேவைப்படாது.

பின்னால் டபுள் விஷ்போன், மல்டிலிங்க் உள்ள வண்டிகள்தான் வேறு ரகம். அங்கே மேல் ஆர்ம் சிறியது. வண்டி இறங்கினால் சக்கரத்தின் தலை வேகமாக உள்ளே போகும். 2006-ல் இங்கே வந்த ஹோண்டா சிவிக் நல்ல உதாரணம். அமெரிக்காவில் அதே தலைமுறை சிவிக்கின் பின் டயர்கள் தாழ்த்தாமலேயே உள் ஓரம் தேய்ந்ததால், ஹோண்டாவே சர்வீஸ் புல்லட்டின் வெளியிட்டு மேல் ஆர்மை மாற்றிக் கொடுத்தது. கம்பெனி உயரத்திலேயே அந்த நிலை என்றால், 40 மி.மீ. இறக்கியவருக்கு எப்படி இருக்கும்? இவ்வகை வண்டியில் நீளம் மாற்றக்கூடிய ஆர்ம்தான் சரியான மருந்து. அதற்கு மனமில்லாதவரிடம் ஸ்பிரிங்கை மாற்றாதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியவை சில உள்ளன. ஸ்பிரிங் எப்படிப்பட்டது? கேஸ் கட்டரில் சூடேற்றி உட்கார வைத்த ஸ்பிரிங் என்றால் அலைன்மென்ட் செய்யாமல் அனுப்பிவிடுங்கள். டெம்பர் போன கம்பி இன்னும் உட்கார்ந்துகொண்டே போகும். இன்றைய அளவு அடுத்த மாதம் இருக்காது. வெட்டிய ஸ்பிரிங் என்றால், வேலை செய்யும் ஆறு சுற்றில் ஒன்று போனாலே அது 20 சதவீதம் கடினமாகியிருக்கும். சக்கரம் தொங்கும்போது சீட்டிலிருந்து கழன்று ஆடுகிறதா என்று லிஃப்டில் தூக்கிப் பார்க்க வேண்டும். காயில்ஓவர் என்றால் இடம் வலம் திருகில் எத்தனை மரை தெரிகிறது என்று எண்ணிச் சமன் செய்வதில் பொருளில்லை. சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப் வைத்து அளந்துதான் சமன் செய்ய வேண்டும்.

பிறகு புஷ். லோயர் ஆர்ம் புஷ்ஷில் இருப்பது உள்ளேயும் வெளியேயும் இரும்பில் ஒட்டிய ரப்பர். போல்ட் எந்த நிலையில் முடுக்கப்பட்டதோ அதுதான் அதற்கு ஓய்வு நிலை. ஸ்பிரிங் மாற்றியவர் வண்டியை லிஃப்டில் தொங்கவிட்டபடியே முடுக்கியிருந்தால், தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒரு கூடுதல் ஸ்பிரிங்காக வேலை செய்து உயரத்தைப் பொய்யாகக் காட்டும், சில மாதங்களில் கிழியும். மெஷினில் ஏற்றும் முன் வண்டி நான்கு டயரிலும் நிற்கும்போது ஆர்ம் போல்ட்டுகளைத் தளர்த்தி, முன்னும் பின்னும் ஆட்டி, மறுபடி முடுக்குங்கள். கேம்பர் கால் டிகிரி தானாகவே இடம் மாறுவதைப் பார்க்கலாம். டோ எப்போதும் கடைசி. கேம்பரைத் தொட்டுவிட்டு டோவைப் பார்க்காமல் வண்டியை விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

சட்டம் பற்றியும் இரண்டு வரி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கிறது. இது நம் கையில் இல்லை, ஆனால் வாடிக்கையாளர் தெரிந்துகொண்டு செய்யட்டும். சாலையும் அவருக்குத் தண்டனை கொடுக்கும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் 1988-ஆம் ஆண்டு விதி, வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்றது. தெருவுக்குத் தெரு இருப்பது அதே உயரத்தில், அரை மீட்டர் அகலத்தில். 165 மி.மீ. இடைவெளி உள்ள சிட்டியை 40 மி.மீ. இறக்கி நான்கு பேரை ஏற்றினால் மிச்சம் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. பம்ப் ஸ்டாப் அடிக்கும் ஒவ்வொரு அடியும் நாம் முடுக்கிய கேம்பர் போல்ட்டைத்தான் போய்ச் சேரும்.

கடைக்காரர்களிடம் இந்த இதழ் கேட்பது ஒன்று. அலைன்மென்ட் அறிக்கையின் தலையில், கேம்பர் வரிக்கு மேலே, நான்கு சக்கரத்தின் ஃபெண்டர் உயரத்தையும் பேனாவால் எழுதிக் கொடுங்கள். மெஷினில் அதற்குக் கட்டம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. புது ஸ்பிரிங் முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் இன்னும் சில மி.மீ. உட்காரும். அப்போது வண்டி திரும்பி வந்தால், மாறியது உயரமா, போல்ட்டா என்பதை அந்த நான்கு எண்களே சொல்லிவிடும். அந்த இரண்டாவது அளவுக்கான கட்டணத்தை முதல் பில்லிலேயே சேர்த்து வாங்கிவிடுவது உத்தமம். தனியாகக் கேட்டால் யாரும் திரும்பி வருவதில்லை.